உதகையா? குன்னூரா?

நல்லதற்கும் தீயதற்கும் இடையே ஒன்றைத் தேர்ந்தெடுப்பது எளிது. நல்லவை இரண்டனுள் ஒன்றைத் தேர்வதே அரிது. அவ்விரண்டும் அருகருகே அமைந்துவிட்டாலோ அருமை இன்னும் மிகும். தொலைவில் கிடப்பவற்றைத் தொலைவு கொண்டே பிரித்துவிடலாம். அண்டை அயலாய் நிற்பவற்றை எதனைக் கொண்டு பிரிப்பது? இவ்வினா எங்கள் வீட்டுக் கூடத்தில் ஏறத்தாழ ஒரு திங்கள் காலம் குடியிருந்தது. அக்கதையையே ஈண்டு எழுதப் புகுந்தோம்.

எழுதுகின்ற நாங்கள் இருவரும் ஒரு தாய் வயிற்று மக்கள். மூத்தவர் பள்ளியில் தமிழ் கற்பிப்பவர். இளையவர் கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்தில் கணக்கு எழுதுபவர். ஒருவர் எழுத மற்றவர் திருத்த இக்கட்டுரை உருவாயிற்று. ஆகவே 'நாங்கள்' என்றே பேசுகின்றோம். கருத்து வேறுபட்ட இடங்களில் மட்டும் மூத்தவர் என்றும் இளையவர் என்றும் பிரித்துக் காட்டுவோம்.

எங்கள் ஊர் புதுவாயல். சென்னையிலிருந்து கொல்கத்தா நோக்கிச் செல்லும் தேசிய நெடுஞ்சாலையில், பெரியபாளையத்துக்குச் சாலை பிரியும் இடத்தில் உள்ள சிற்றூர். தொடர்வண்டி ஏற வேண்டுமாயின் கவரப்பேட்டைக்குச் செல்ல வேண்டும். ஒருபுறம் நெல் வயல். மறுபுறம் ஆலைகளின் புகைபோக்கிகள். கிழக்கே சற்றுத் தொலைவில் பழவேற்காட்டு ஏரி. நிலத்தை ஐந்தாகப் பகுத்த நம் முன்னோர் இன்று வந்து நின்றால், இதனை மருதம் என்பார்களோ, நெய்தல் என்பார்களோ, அன்றி ஆலைக்கென ஆறாவது திணை ஒன்றை வகுப்பார்களோ, அறியோம். குறிஞ்சி என்று மட்டும் சொல்ல மாட்டார்கள். எங்கள் பகுதியில் தரையைவிட்டுச் சற்றே உயர விரும்புபவர் நெடுஞ்சாலை மேம்பாலத்தின் மீதுதான் ஏற வேண்டும். மருதத்துக்கு உரிப்பொருள் ஊடல் என்பர். குறிஞ்சியை நாடிப் புறப்பட்ட எங்களுக்கு முதலில் வாய்த்ததும் அம்மருதத்து ஊடலே!

எங்கள் தந்தையார் இரும்பு உருட்டாலை ஒன்றில் முப்பது ஆண்டுகள் உலைமுகத்தில் நின்றவர். இரும்புத் துண்டங்களை 1,100 முதல் 1,200 பாகை வரை காய்ச்சி, செக்கச் சிவந்த நிலையில் உருளைகளுக்கு இடையே செலுத்திக் கம்பியாக இழுக்கும் தொழில் அது. கோடையிலும் உலை, மாரியிலும் உலை. வீடு திரும்பினால் கிணற்றடியில் அரை மணி நேரம் தலையில் நீர் ஊற்றிக்கொண்டே நிற்பார். பணி ஓய்வு பெற்றபின் மார்புச் சளியும் மூச்சிரைப்பும் அவரைப் பற்றிக்கொண்டன. யார் மீதும் பழி சொல்வது எங்கள் நோக்கமன்று. அந்த உலைதான் எங்களுக்குச் சோறிட்டது. எங்களைப் படிக்க வைத்தது. அதற்கு அவர் கொடுத்த விலையையும் நாங்கள் அறிவோம்.

ஓய்வுக்குப் பின் ஒருநாள் தொலைக்காட்சியில் காசுமீரத்துக் குல்மார்க்கைக் காட்டினார்கள். கடல் மட்டத்திலிருந்து 2,600 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில், வெண்பனிச் சரிவின்மேல் சிறுவர்கள் சறுக்கி விளையாடிக்கொண்டிருந்தனர். தந்தையார் நெடுநேரம் பார்த்திருந்தார். பின்னர், தமக்குத்தாமே பேசுபவர் போல, "அதைக் கையில எடுத்தா எப்படி இருக்கும்?" என்றார். எங்களுக்கு நினைவு தெரிந்த நாள் முதல் அவர் தமக்கென எதனையும் கேட்டதில்லை. அன்றும் அவர் கேட்டார் என்று சொல்ல முடியாது. எனினும் நாங்கள் அதனைக் கேள்வியாகவே எடுத்துக்கொண்டோம்.

காசுமீரம் எங்கள் கைக்கும் அவர் உடலுக்கும் எட்டாதது. ஆனால் தமிழ்நாட்டிலேயே பனியைக் கையில் எடுக்கும் இடம் ஒன்று உண்டு. தமிழில் பனி என்னும் ஒரு சொல்லே புல் நுனியில் நிற்கும் துளியையும், காலையில் சாலையை மறைக்கும் மூட்டத்தையும், இமயத்தில் பொழியும் வெண்துகளையும் குறிக்கின்றது. இவற்றுள் நீலகிரிக்கு உரியது உறைபனி. வானிலிருந்து விழுவதன்று, நிலத்தின் மேலேயே உறைவது. மார்கழி, தை ஆகிய முன்பனித் திங்கள்களில், முகிலும் காற்றும் இல்லாத இரவுகளில், புல்தரை தன் வெப்பத்தை வானுக்கு விட்டுவிட்டு உறைநிலைக்கும் கீழே குளிர்ந்துவிடுகின்றது. விடியும்போது புல்வெளி உப்பளம் போல் வெளுத்துக் கிடக்கும். கதிரவன் ஏறியவுடன் கரைந்துவிடும். சறுக்கி விளையாட உதவாது; ஆனால் கையில் எடுக்கலாம்!

ஆகவே நீலகிரி என்று முடிவாயிற்று. நீலகிரியில் எங்கே தங்குவது? இங்குதான் ஊடல் தொடங்கிற்று. மூத்தவர் உதகை என்றார்; இளையவர் குன்னூர் என்றார். இரண்டுக்கும் இடையே மலை இருப்புப்பாதையில் பதினெட்டுக் கிலோமீட்டர் தொலைவே உண்டு. உதகை 2,240 மீட்டர் உயரம். குன்னூர் ஏறத்தாழ 1,850 மீட்டர்.

இத்தகைய வழக்கு உலகில் எங்களுக்கு மட்டும் உரியதன்று. ஆல்ப்ஸ் மலையில் மேட்டர்ஹார்ன் என்னும் கூர்ங்கோட்டின் ஒருபுறம் சுவிட்சர்லாந்து நாட்டுச் செர்மாட்; மறுபுறம் இத்தாலி நாட்டுச் செர்வினியா. முன்னது ஏறத்தாழ 1,600 மீட்டர். பின்னது 2,050 மீட்டர். இரண்டும் பனிச்சறுக்குக்குப் பெயர் பெற்றவை. ஒன்றில் தங்கியவர் எல்லையைக் கடந்து மற்றதன் சரிவில் சறுக்கிவிட்டுத் திரும்ப இயலும். அங்கும் எந்த ஊரில் தங்குவது என்று குடும்பங்கள் வாதிடுவது இயல்பே. உயர்ந்த ஊரில் பனி உறுதி. தாழ்ந்த ஊரில் தங்குதல் இனிது. எங்கள் வழக்கும் ஏறத்தாழ இதுவே.

மூத்தவர் உதகையின் பக்கம் நின்று வரலாற்றை அள்ளி வீசினார். கோயம்புத்தூர் ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவன் 1819இல் நீலகிரி ஏறியது, 1822இல் உதகையில் கல்வீடு கட்டத் தொடங்கியது, அதன்பின் ஏரி அமைத்தது, சென்னை மாகாணத்தின் கோடைத் தலைநகராக உதகை விளங்கியது, 1848இல் மெக்கைவர் என்னும் தோட்டக்கலை வல்லுநர் அரசினர் தாவரவியல் பூங்காவை உருவாக்கத் தலைப்பட்டது ஆகிய அனைத்தையும் அவர் வகுப்பறைக் குரலில் விளக்கினார். எல்லாவற்றுக்கும் மேலாக, உறைபனி உதகையில்தான் என்றார்.

அஃது உண்மையே. அதற்குக் காரணம் உயரம் மட்டுமன்று, நிலத்தின் அமைப்புமாகும். உதகை மலைகள் சூழ்ந்த கிண்ணம் போன்றது. இரவில் குளிர்ந்து கனத்த காற்று சரிவுகளில் வழிந்து பள்ளத்தில் தேங்கிவிடும். தேங்கிய இடத்தில் உறைபனி படியும். குன்னூரோ மலையின் விளிம்பில், பள்ளத்தாக்கின் தலைவாயிலில் அமைந்தது. அங்குக் குளிர்ந்த காற்று தங்காமல் சமவெளி நோக்கி வழிந்துவிடுகின்றது. உதகை குளிரைச் சேமிக்கும் ஊர் என்றால், குன்னூர் குளிரைச் செலவிடும் ஊர் எனலாம்.

இளையவர் கணக்கர் அல்லரோ? அவர் எண்களை எடுத்துவைத்தார். நூறு மீட்டர் ஏறும்போது வெப்பம் ஏறத்தாழ 0.65 பாகை குறையும். ஆகவே குன்னூரைக் காட்டிலும் உதகை இரண்டரைப் பாகை கூடுதலாகக் குளிரும். கடலோரத்துக் காற்றின் அழுத்தத்தை நூறு எனக் கொண்டால், குன்னூரில் எண்பது, உதகையில் எழுபத்தாறு. "நலமாக இருப்பவருக்கு இந்த நான்கு ஒரு பொருட்டன்று, மூச்சுக்கு ஏங்குபவருக்கு நான்கும் நாற்பது" என்றார் அவர். குன்னூரின் பெருமைகளையும் விட்டுவைக்கவில்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து வந்த மலை இருப்புப்பாதை 1899இல் முதலில் எட்டியது குன்னூரைத்தான். உதகைக்கு அது சென்று சேர்ந்தது 1908இல். நாய்க்கடி மருந்தின் வரலாற்றில் இடம்பெற்ற பாஸ்டியர் நிறுவனம் 1907இல் தோன்றியதும் குன்னூரில்தான். சிம்ஸ் பூங்கா 1874ஆம் ஆண்டினது.

மருத்துவரிடம் சென்றோம். அவர் எந்த ஊரின் பக்கமும் சாயவில்லை. "குளிர்ந்த வறண்ட காற்று மூச்சுக்குழலை இறுக்கும். உயரம் குறைந்த இடத்தில் தங்குவது நல்லது. விடியற்காலையில் வெளியே நடமாட வேண்டாம். செல்ல நேர்ந்தால் மூக்கையும் வாயையும் கம்பளியால் மூடிக்கொண்டு, வண்டியைவிட்டு இறங்காமல் இருக்கட்டும்" என்றார். இளையவர் இதனைத் தம் வெற்றியாகக் கருதினார். மூத்தவரோ, "விடியற்காலையில் வெளியே செல்லாமல் உறைபனியை எங்ஙனம் காண்பது? குன்னூரில் தங்கிக் காலைத் தொடர்வண்டியில் உதகை சென்றால், பனி கரைந்த ஈரத்தைத்தான் காட்ட முடியும்" என்றார்.

ஒருநாள் மாலை பேச்சு முற்றியது. "வாழ்நாளில் அவர் கேட்டது ஒன்றே ஒன்று. அதனையும் மறுப்பதா?" என்று மூத்தவர் குரல் உயர்த்தினார். "அவர் மூச்சைப் பணயம் வைத்தா அவர் ஆசையைத் தீர்ப்பது?" என்று இளையவரும் உயர்த்தினார். அடுத்த அறையில் இருமல் கேட்டது. தந்தையார் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "எங்கயும் போக வேணாம்பா. ஏதோ டிவியில பாத்துச் சொன்னேன். விட்டுருங்க" என்றார். அக்குரலில் சினம் இல்லை. அதுவே எங்களை வாட்டியது. அவருக்காக வாதிடுகின்றோம் என்று எண்ணியிருந்தோம். உண்மையில், எங்களுள் எவர் நல்ல பிள்ளை என்பதையே அத்தனை நாளும் வாதிட்டுக்கொண்டிருந்தோம்.

அப்பொழுது அடுக்களையிலிருந்து அம்மா வந்தார். ஒரு திங்களாக நடந்த வழக்கில் அவர் ஒரு சொல்லும் சொன்னதில்லை. நாங்கள் கேட்டதுமில்லை. கையைத் துடைத்துக்கொண்டே, "ரெண்டு பேரும் ஊரைப் பத்தியே பேசறீங்க. அவரு ஊரா கேட்டாரு? பனியைத்தானே கேட்டாரு. தங்கறது ஒரு ஊரு, பாக்கறது ஒரு ஊருன்னு வச்சுக்கக் கூடாதா? குன்னூர்ல தங்கிக்கிட்டு ஒருநாள் விடியறதுக்கு முன்னாடி கார் வச்சுப் போயிட்டு வந்தா ஆகாதா?" என்றார்.

இத்தனை எளிய வழி எங்கள் இருவருக்கும் ஏன் தோன்றவில்லை? இரண்டனுள் ஒன்று என்று நாங்களே கேள்வியை வகுத்துக்கொண்டோம், அக்கேள்விக்குள்ளேயே சுற்றினோம். அம்மா கேள்விக்கு விடை சொல்லவில்லை. கேள்வியையே மாற்றினார்.

தைத் திங்களில் புறப்பட்டோம். கவரப்பேட்டையில் மின்தொடர்வண்டி ஏறிச் சென்னை சேர்ந்து, சென்ட்ரலில் இரவு ஒன்பது மணியளவில் நீலகிரி விரைவு வண்டியில் அமர்ந்தோம். விடியலில் மேட்டுப்பாளையம். அங்கே நீலமும் வெண்மையும் கலந்த மலைவண்டி நின்றிருந்தது.

தந்தையார் பெட்டியில் ஏறவில்லை. நேரே நீராவிப் பொறியின் அருகே சென்றார். கொதிகலனின் வெப்பம் முகத்தில் படும் தொலைவில் நின்று அதனைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். எக்ஸ் வகை எனப்படும் இப்பொறிகளை முதலில் செய்தளித்தது சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரத்து ஆலை. பின்னாளில் நம் திருச்சிப் பொன்மலைப் பணிமனையிலும் இவை உருவாயின. இரு தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த இரும்புச் சட்டங்கள் கிடக்கின்றன. பொறியின் அடியில் உள்ள பல்சக்கரம் அவற்றைக் கவ்விக் கவ்வி ஏறுகின்றது. ரோமன் ஆப்ட் என்னும் சுவிட்சர்லாந்துப் பொறியாளரின் பெயரால் வழங்கும் முறை இது. செர்மாட்டிலிருந்து கோர்னர்கிராட் மலைக்கு 1898இல் ஓடத் தொடங்கிய வண்டிக்கும் இதே முறைதான். அதற்கு அடுத்த ஆண்டே நம் குன்னூருக்கும் அம்முறையில் வண்டி ஏறிற்று. கல்லாறு தொடங்கிக் குன்னூர் வரை பன்னிரண்டரை மீட்டருக்கு ஒரு மீட்டர் என்ற அளவில் பாதை உயர்கின்றது. இந்தியாவில் பல்சக்கர இருப்புப்பாதை இஃது ஒன்றே. 2005இல் யுனெஸ்கோ இதனை உலக மரபுச் சின்னங்களோடு சேர்த்தது.

வண்டி கிளம்பியபின் தந்தையார் ஒன்றைக் கண்டு வியந்தார். "இஞ்சின் இழுக்கலப்பா, பின்னாடியிருந்து தள்ளுது" என்றார். ஆம், மலையேறும்போது பொறி பெட்டிகளுக்குப் பின்னேதான் நிற்கின்றது. பெட்டிகளின் இணைப்பு அறுந்தாலும் அவை கீழே உருண்டோடாதவாறு தாங்கிக்கொள்வதற்கே இவ்வேற்பாடு. முன்பெட்டியில் அமர்ந்தவருக்கு மலையும் அருவியும் பாலமும் தெரியும். தள்ளுகின்ற பொறி தெரியாது. எங்களுக்கு எதிரே அம்மா மடியில் மருந்துப் பையை வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தார். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்; ஒன்றும் பேசவில்லை.

குன்னூர் எங்களை மென்மையாக வரவேற்றது. குளிர் இருந்தது, கடிக்கவில்லை. நண்பகலில் வெயில் தோளில் கைவைப்பது போல் இதமாக விழுந்தது. சரிவெங்கும் தேயிலைச் செடிகள் வாரிவிட்ட தலை போலப் படிந்து கிடந்தன. பிற்பகலில் சமவெளிப் பக்கமிருந்து மஞ்சு எழுந்துவந்து சன்னலுக்கு வெளியே நின்றது. தந்தையார் முதல்நாள் முழுதும் ஓய்வு கொண்டார். இரண்டாம் நாள் சிம்ஸ் பூங்காவின் படிகளில் இறங்கினார். ஏறும்போது மும்முறை அமர்ந்தார். மூன்று முறைதான் என்பதில் இளையவருக்குப் பெருமிதம்.

பூங்காவின் விசிப்பலகையில் அமர்ந்திருந்தபோது நாங்கள் அம்மாவிடம், "உங்களுக்கு இங்கே என்ன பார்க்க வேண்டும்?" என்று கேட்டோம். காலங்கடந்த கேள்விதான். அம்மா சிரித்தார். "எனக்கென்னப்பா பாக்கணும்? ஒருநாள், ஒரே ஒருநாள், விடியறதுக்கு முன்னாடி எழுந்திரிக்காம படுத்திருக்கணும். அவ்வளவுதான்" என்றார்.

அப்பொழுதுதான் கணக்கிட்டுப் பார்த்தோம். தந்தையார்க்கு முதல் முறைப்பணி இருந்த நாள்களில் அவர் நான்கு மணிக்கு எழுந்து சோறு கட்டியவர். பின்னர் எங்கள் பள்ளிக்காகவும், அதன்பின் இளையவரின் பணிக்காகவும் எழுந்தவர். இப்பொழுது தந்தையாரின் மருந்துக்காக எழுபவர். ஆலைச் சங்கு ஊதுவதற்கு முன் எங்கள் வீட்டில் எரிந்த விளக்கு எப்பொழுதும் அவர் ஏற்றியதே. தந்தையாரின் ஆசையை அறிய எங்களுக்குத் தொலைக்காட்சி உதவிற்று. அம்மாவின் ஆசையை அறிய நாங்கள் குன்னூர் வரை வர வேண்டியிருந்தது.

மூன்றாம் நாள்தான் உறைபனிக்கு என்று வகுத்திருந்தோம். முந்தைய இரவு வானம் முகிலின்றி விண்மீன்களோடு இருந்தது. "நாளைக்கு நல்லாப் படியும்" என்றார் வாடகை வண்டி ஓட்டுநர். அம்மாவைப் படுத்திருக்குமாறு வேண்டினோம். அவர் கேட்கவில்லை. விடியற்காலை நான்கு மணிக்கு எங்களை எழுப்பியவரே அவர்தான்! தந்தையாருக்கு இரண்டு கம்பளிச் சட்டை அணிவித்து, காதையும் வாயையும் சால்வையால் சுற்றி, வெந்நீர்க் குடுவையையும் எடுத்துக்கொண்டார்.

வெலிங்டனும் அருவங்காடும் கேத்தியும் இருளில் கழிந்தன. உதகையைக் கடந்து, கூடலூர்ச் சாலையில் தலைக்குந்தாவை அடைந்தபோது கிழக்கு வெளுத்தது. சாலையோரத்துப் புல்வெளியைக் கண்டு நாங்கள் பேச்சிழந்தோம். பள்ளம் முழுதும் வெண்மை. ஒவ்வொரு புல்லுக்கும் தனித்தனியே வெள்ளி விளிம்பு கட்டியிருந்தது. நிறுத்தியிருந்த வண்டிகளின் கூரைகளும் வெளுத்திருந்தன. நாங்கள் இருவரும் சிறுவரைப் போல் இறங்கி ஓடினோம். காலடியில் புல் நொறுங்கும் ஒலி கேட்டது. உதகையின் அழகைக் குறைத்துப் பேசிய இளையவர் அக்கணமே தோற்றார். இப்படியொரு விடியலைக் குன்னூர் தந்திருக்க முடியாது.

திரும்பிப் பார்த்தபோது தந்தையார் வண்டியின் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருந்தார். கதவைத் திறக்க முனைந்தவரை இருமல் தடுத்தது. எழுபத்தாறும் எண்பதும் வெறும் எண்கள் அல்ல என்பதை அவ்விருமல் மூத்தவர்க்கு உணர்த்திற்று. இரவு முழுதும் இக்குளிரில் அவர் தங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணித் தலைகுனிந்தார். அவரும் தோற்றார்.

வென்றவர் ஒருவரே. அம்மா புடவை முந்தானையால் தலையை மூடிக்கொண்டு மெல்லப் புல்வெளிக்குள் நடந்தார். குனிந்து, உறைபனி பூத்த இலைகளைக் காம்போடு கிள்ளி எடுத்தார். இரு கைகளையும் சேர்க்காமல், தம் உடற்சூடு படாதவாறு விரல் நுனியால் ஏந்தி வந்தார். வண்டியின் கண்ணாடியைச் சற்றே இறக்கச் சொல்லித் தந்தையாரின் உள்ளங்கையில் வைத்தார்.

உலையின் வெப்பத்தில் காய்த்துத் தடித்த கை அது. வெண்துகள்கள் அதில் சிறிது நேரம் மின்னின. பிறகு ஒவ்வொன்றாய் நீராயின. தந்தையார் கையை அசைக்கவே இல்லை. கடைசித் துளியும் கரைந்தபின், "இவ்வளவுதான் இது" என்றார். ஏமாற்றமாகச் சொன்னாரோ என்று நாங்கள் அஞ்சினோம். அவர் அந்த ஈரக் கையால் அம்மாவின் கையைப் பற்றிக்கொண்டார். எங்கள் வீட்டில் நாங்கள் முன்பு கண்டறியாத காட்சி அது. கண்ணாடியை ஏற்றிவிட்டு, வெந்நீர் அருந்தச் செய்து, வண்டியைத் திருப்பச் சொன்னோம்.

வெயில் ஏறியபின் உதகைத் தாவரவியல் பூங்காவின் சமதளப் புல்தரையில் சற்று நேரம் அமர்ந்தோம். நண்பகலுக்குப் பின் மலைவண்டியில் குன்னூருக்கு இறங்கினோம். அப்பகுதியில் வண்டியை ஈர்ப்பது டீசல் பொறி. தந்தையார் அதனைப் பொருட்படுத்தாமல் உறங்கிவிட்டார்.

இப்பயணத்தை எண்ணும்போது மேலும் ஒன்றைச் சொல்லாதிருக்க இயலவில்லை. எங்களைப் போலவே ஆயிரமாயிரம் குடும்பங்கள் அம்மலையை நாடுகின்றன. அம்மலையோ எல்லையற்ற சுமைதாங்கியன்று. 2009 நவம்பர்த் திங்களில் பெய்த பெருமழையில் குன்னூர், கேத்தி முதலிய பகுதிகளில் மண் சரிந்து பலர் மாண்டனர். வண்டிப் பெருக்கத்தைக் கருதிச் சென்னை உயர்நீதிமன்றத்தின் ஆணைப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்குச் செல்லும் வண்டிகளுக்கு மின்னணு அனுமதிச் சீட்டு வேண்டும் என்றாயிற்று. 2025ஆம் ஆண்டுக் கோடையில் நாளொன்றுக்கு 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000 வண்டிகள் என வரம்பும் இட்டனர். மூச்சுக்கு ஏங்குபவர் எங்கள் தந்தையார் மட்டுமல்லர், மலையும்தான். எந்த ஊரில் தங்கலாம் என்று கேட்கும் நாம், எப்படிச் செல்லலாம், எதனை விட்டுவராமல் திரும்பலாம் என்றும் கேட்டாக வேண்டும்.

மாணவச் செல்வங்களே! உதகையா, குன்னூரா என்று எவரேனும் உங்களைக் கேட்டால் என்ன சொல்வீர்கள்? உடல் திடமுள்ளவராய், விடியலின் வெண்மையைக் காண விழைபவராய் இருந்தால் உதகையில் தங்குக. முதியவரையும் குழந்தையையும் உடன் அழைத்துச் சென்றால் குன்னூரில் தங்குக; ஒருநாள் உதகையைக் கண்டு மீள்க. இது நாங்கள் பட்டறிந்தது. ஆனால் அதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. வீட்டில் உள்ள ஒவ்வொருவரையும், குறிப்பாக ஒன்றும் கேட்காதவரை, அழைத்துக் கேளுங்கள். ஊர்களின் உயரத்தை ஏடுகளில் காணலாம். உடன் வாழ்பவர் உள்ளத்தில் இருப்பதைக் கேட்டால்தான் அறியலாம்.

நான்காம் நாள் காலை. அன்று மாலையே ஊர் திரும்ப வேண்டும். நாங்கள் விழித்தபோது மணி ஆறு. அம்மா கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு அயர்ந்து உறங்கிக்கொண்டிருந்தார். தந்தையார் முன்னமே எழுந்து அவர் கட்டிலருகே நாற்காலியில் அமர்ந்திருந்தார். மருந்தைத் தாமே எடுத்து உட்கொண்டிருக்கிறார். நாங்கள் வாய் திறக்குமுன் உதட்டில் விரல் வைத்துக் காட்டினார். இருமல் வந்தபோது வாயைச் சால்வையால் அழுத்திக்கொண்டு வெளியறைக்குச் சென்று இருமிவிட்டுத் திரும்பினார்.

சன்னலுக்கு வெளியே விடிந்தது. ஏழு மணி ஆயிற்று. ஏழரையும் ஆயிற்று. நாங்கள் நால்வரும் அவ்வறையில்தான் இருந்தோம். ஒருவரும் அம்மாவை எழுப்பவில்லை.